ஆறேழு நாளுக்கு ஓர் உயிர்: கலிஃபோர்னியச் சிறைகளின் மருத்துவமும் பிளாட்டா வழக்கும்

கலிஃபோர்னியச் சிறைகளின் மருத்துவத்தை எதிர்த்துச் சிறைவாசிகள் தொடுத்த பிளாட்டா வழக்கை விசாரித்தவர் தெல்டன் ஹெண்டர்சன் என்ற ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி. 2005 பிப்ரவரியில் அவர் சான் குவென்டின் சிறைக்கு நேரில் போனார். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பழைய சிறை அது. தினமும் நூறு பேர் போல வந்துபோகும் பிரதான பரிசோதனை அறையில் கை கழுவத் தொட்டி இல்லை. ஆல்கஹால் ஜெல்லும் இல்லை. பல் மருத்துவர் ஒருவர் சிறைவாசிகளின் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு, கையும் கழுவாமல் கையுறையும் மாற்றாமல் வேலை செய்துகொண்டிருந்தார். நீதிபதி பார்த்ததை அப்படியே உத்தரவில் எழுதிவைத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான அதே உத்தரவில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. கலிஃபோர்னியச் சிறைகளில் மருத்துவம் சீர்கெட்டிருப்பதால், சராசரியாக ஆறேழு நாளுக்கு ஒருவர் சாக வேண்டியதில்லாத சாவு சாகிறார் என்பது அது. மாநில அரசு இதை மறுக்கவில்லை. மறுக்கப்படாத உண்மை என்றே நீதிமன்றம் குறித்துக்கொண்டது.

கலிஃபோர்னியா பணக்கார மாநிலம். அப்போதே சிறை மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தது. பிறகு ஏன் சாவு? இந்த வழக்கின் தாள்களைப் படித்தவரையில் எனக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான். நோயாளியால் எழுந்து போக முடியாது. அவருக்காகப் பேச வேண்டிய மருத்துவரின் சொல்லோ, பூட்டு சாவி வைத்திருப்பவரின் வசதிக்கு முன்னால் செல்லவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அங்கே நடந்த நல்லதும் கெட்டதும் இந்த முடிச்சைச் சுற்றியே நடந்தன.

சட்டம் எங்கிருந்து வந்தது

வெளியே இருக்கிற நமக்கு வயிற்றுவலி வந்தால் மெடிக்கல் ஷாப் இருக்கிறது. அதில் கேட்கவில்லை என்றால் கிளினிக். அந்த டாக்டர் சரியில்லை என்றால் வேறு டாக்டர். ராத்திரியில் முடியாமல் போனால் ஆட்டோ பிடித்து ஜி.ஹெச். சிறைக்குள் இருப்பவருக்கு இதில் ஒரு படியும் கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சட்டமாகச் சொன்னது 1976-இல், எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில்.

டெக்சாஸ் சிறைவாசியான கேம்பிள் 1973 நவம்பரில் லாரியிலிருந்து பருத்திப் பொதி இறக்கிக்கொண்டிருந்தபோது, 600 பவுண்டு, அதாவது 270 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொதி அவர் மேல் விழுந்தது. முதுகுவலியோடு வேலை செய்ய முடியாது என்றதற்குத் தண்டனை கிடைத்தது. வக்கீல் இல்லாமல் தன் கையால் மனு எழுதிப் போட்டார். நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு, சிறைவாசியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தம் தடைசெய்த கொடூரத் தண்டனைக்குச் சமம் என்றது. தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளும் வழியை அரசு பறித்துவிட்டது. ஆகவே பார்க்கும் கடமை அரசுடையது என்பதே அதன் அடிப்படை. கேம்பிளுக்குத் தனிப்பட்ட முறையில் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் 17 முறை மருத்துவப் பணியாளர்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள், அது அலட்சியம் ஆகாது என்று மருத்துவருக்கு எதிரான அவருடைய புகாரை உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது. ஆனால் அவர் வழக்கில் பிறந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்கச் சிறைவாசிகள் இன்றுவரை மருத்துவம் கேட்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் இரண்டு வழக்குகள் வந்தன. மனநோயாளிகளான சிறைவாசிகளுக்காக 1990-இல் கோல்மன் வழக்கு. உடல்நோய்க்காக 2001-இல் பிளாட்டா வழக்கு. இரண்டும் அந்தந்த வகை நோயுள்ள எல்லாச் சிறைவாசிகளின் சார்பிலும் தொடுக்கப்பட்டவை. பிளாட்டா வழக்கில் அரசு எதிர்த்து நிற்கக்கூட இல்லை. 2002-லேயே தவறை ஒப்புக்கொண்டு, திருத்திக்கொள்கிறோம் என்று சமரசம் எழுதிக்கொடுத்தது. மூன்று ஆண்டு கழித்து நீதிபதி சான் குவென்டினில் கண்டதுதான் அந்தத் திருத்தத்தின் லட்சணம்.

செல்லிலிருந்து டாக்டர் வரை

நடைமுறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியச் சிறையில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் 7362 என்ற எண்ணுள்ள படிவத்தில் தன் உபாதையை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். செவிலியர் அதைப் படித்து, யாரை எப்போது டாக்டர் பார்ப்பது என்று பிரிப்பார். பிறகு அழைப்புப் பட்டியலில் பெயர் வர வேண்டும். பெயர் வந்தாலும் கூட்டிப்போகக் காவலர் வேண்டும். சிறைவாசி தானாகக் கேட்டு டாக்டரைப் பார்த்தால் அவர் கணக்கிலிருந்து 5 டாலர் பிடித்தார்கள். அவசர சிகிச்சைக்கும், கையில் காசே இல்லாதவருக்கும் விலக்கு இருந்தது. ஆனால் சிறைவேலைக்குக் கூலி அன்று மணிக்கு 8 சென்ட்டிலிருந்து தொடங்கியது. அந்தக் கூலியில் 5 டாலர் சேர்க்க 62 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். சும்மா சும்மா டாக்டரிடம் வருவதைக் குறைக்கத்தான் கட்டணம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். மணிக்கு 8 சென்ட் வாங்குபவருக்கு நெஞ்சில் லேசாக வலித்தால் படிவம் எழுதுவாரா, நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடுவாரா? நோய் முற்றிய பிறகு வருபவர்களை இப்படித்தான் உருவாக்குகிறோம். கலிஃபோர்னியா இந்தக் கட்டணத்தை 2019-இல்தான் கைவிட்டது.

படிவம் போட்டும் பயனில்லாமல் போனவர்களின் கதை 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கடும் வயிற்றுவலியால் துடித்த ஒருவரைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப ஐந்து வாரம் தாமதமாகி அவர் இறந்தார். விடாத நெஞ்சுவலி என்றவரை மருத்துவர் வந்து பார்க்க எட்டு மணி நேரமாயிற்று, அவரும் இறந்தார். மூன்றாமவர் இளைஞர். பதினேழு மாதமாக விதைப்பையில் வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புற்றுநோயாக இருக்குமோ என்று யாரும் சோதிக்கவில்லை. அந்தப் புற்றுநோயாலேயே போனார். விதைப்பைப் புற்று, வேளையோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் புற்றுகளில் ஒன்று. பதினேழு மாதம் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மருத்துவர் பணியிடங்களில் நான்கில் ஒன்று காலி. மனநல மருத்துவர் இடங்களில் 54 சதவீதம் காலி. ஆள் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 2006-இல் ஹெண்டர்சன் சிறை மருத்துவத்தை மாநிலத்தின் கையிலிருந்து பிடுங்கி ஒரு ரிசீவரிடம், அதாவது நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம், ஒப்படைத்தார். நொடித்த கம்பெனியை நீதிமன்றம் எடுத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு மாநிலத்தின் முப்பத்துச் சொச்சம் சிறைகளின் மருத்துவம் முழுவதையும் அப்படி எடுத்துக்கொண்டது பெரிய துணிச்சல். சான்டா கிளாரா மாவட்டப் பொது மருத்துவமனைகளை நடத்திய ராபர்ட் சில்லன் முதல் ரிசீவர். 2008 ஜனவரியில் அவர் இடத்துக்கு கிளார்க் கெல்சோ வந்தார். சம்பளத்தை உயர்த்தி டாக்டர்களைச் சேர்த்தார்கள். ஆனால் வந்த டாக்டரை உட்கார வைக்க இடமில்லை.

கூட்டம்

ஏறத்தாழ 80,000 பேருக்காகக் கட்டிய சிறைகளில் 2006-இல் 1,70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். குற்றங்கள் பெருகியதால் மட்டும் வந்த கூட்டமல்ல இது. 1970-களின் பிற்பகுதியில் தண்டனைக் காலத்தைக் கறாராக்கிய சட்டம், 1994-இன் மூன்றாம் குற்றத்துக்கு ஆயுள் என்ற சட்டம், பரோல் விதியைச் சின்னதாக மீறினாலும் திரும்பப் பிடித்துப் போடும் வழக்கம், இவை எல்லாம் சேர்ந்துதான் சிறைகளை நிரப்பின.

உடற்பயிற்சிக் கூடங்களில் அடுக்குக் கட்டில் போட்டார்கள். ஒரு கூடத்தில் 200 பேர் வரை, காவலுக்கு இரண்டு மூன்று பேர். சில இடங்களில் 54 பேருக்கு ஒரு கழிப்பறை. ஒரு சிறையில் டாக்டரைப் பார்க்க வந்த 50 பேரை 12 அடிக்கு 20 அடி கூண்டில் ஐந்து மணி நேரம் வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஐந்து சதுர அடிகூட இல்லை. அதற்குள் இருமுபவரும் இருந்திருப்பார், காய்ச்சல்காரரும் இருந்திருப்பார். தற்கொலை எண்ணத்தில் இருந்தவர்களை, படுக்கை காலியில்லாததால், தொலைபேசிக் கூண்டு அளவேயான, கழிப்பறை இல்லாத கூண்டுகளில் அடைத்தார்கள். அப்படி ஏறக்குறைய 24 மணி நேரம் நின்ற ஒருவரை மனநல நிபுணர் பார்த்தபோது, தன் சிறுநீரிலேயே நின்றுகொண்டு, கூப்பிட்டதற்கு அசைவில்லாமல் இருந்தார். வேறு வைக்க இடமில்லை என்பது சிறை அதிகாரிகள் சொன்ன பதில். கலிஃபோர்னியச் சிறைகளின் தற்கொலை விகிதம் அந்நாட்டுச் சிறைகளின் சராசரியைவிட ஏறக்குறைய 80 சதவீதம் அதிகமாக இருந்தது.

கூட்டம் மருத்துவத்தைக் கெடுக்கும் இன்னொரு வழி வெளியே அதிகம் தெரியாதது. நெருக்கடியில் சண்டை வரும். சண்டை வந்தால் எல்லோரையும் செல்லுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். 2006-இல் மட்டும் 449 லாக்டவுன்கள். சராசரி 12 நாள். இருபது லாக்டவுன்கள் 60 நாளோ அதற்கு மேலோ நீடித்தன. அந்த நாட்களில் யாரும் தானாகக் கிளினிக்குக்கு நடந்து வர முடியாது. ஒவ்வொரு நோயாளியையும் காவலர் தனியாகக் கூட்டிவர வேண்டும், அல்லது செவிலியர் செல் செல்லாகப் போக வேண்டும். இரண்டுக்கும் ஆள் கிடையாது. இன்சுலின் போட வேண்டியவர், வலிப்பு மாத்திரை சாப்பிட வேண்டியவர், காசநோய்க்கு விடாமல் மருந்து எடுக்க வேண்டியவர் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தால் 60 நாள் என்பதன் கனம் தெரியும்.

டெக்சாஸ் சிறைத் துறையின் முன்னாள் தலைவர், முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் சிறைகளிலேயே வேலை பார்த்தவர், இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்று சாட்சி சொன்னார். சிறைவாசிகள்மேல் மென்மையானவர் என்று டெக்சாஸ்காரரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்று நீதிபதிகள், பிறகு ஒன்பது

1996-இல் வந்த ஃபெடரல் சட்டப்படி, சிறைக் கூட்டத்தைக் குறைக்கும் உத்தரவைத் தனி நீதிபதி போட முடியாது. மூவர் அமர்வு வேண்டும், மற்ற வழிகள் தோற்றிருக்க வேண்டும், கூட்டமே முதன்மைக் காரணம் என்று நிரூபணமாக வேண்டும். ஹெண்டர்சன், கோல்மன் வழக்கின் நீதிபதி லாரன்ஸ் கார்ல்டன், மேல்முறையீட்டு நீதிபதி ஸ்டீஃபன் ரைன்ஹார்ட் மூவரும் 14 நாள் விசாரித்து 2009-இல் உத்தரவிட்டார்கள்: இரண்டு ஆண்டுக்குள் சிறைவாசிகளின் எண்ணிக்கையைக் கட்டடக் கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். கூட்டத்தால் அவசர நிலை என்று 2006-இல் ஆளுநர் ஷ்வார்ஸ்னெகரே பிரகடனம் செய்திருந்தார். அதே அரசு, கூட்டம் முதன்மைக் காரணம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் வரை போனது.

2011 மே 23 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் உத்தரவை உறுதிசெய்தது. நீதிபதி ஆண்டனி கென்னடி எழுதிய தீர்ப்பின் கடைசியில் படங்களை ஒட்டியிருந்தார்: கட்டில்கள் நெருக்கியடித்த கூடங்கள், அந்தத் தொலைபேசிக் கூண்டுகள்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்கலியாவின் வாதத்தைப் புறந்தள்ளிவிட்டுப் போகக் கூடாது. வெளியே வரப்போகும் பத்தாயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோருக்கு நோயே இல்லை. மருத்துவம் மறுக்கப்பட்டவர் ஒருவர், விடுதலையாவது இன்னொருவரா என்று கேட்டார். மாறுபட்ட இன்னொரு நீதிபதி சாமுவேல் அலிட்டோ, விடுவிக்கப்பட்டவர்களால் புதிதாகப் பாதிக்கப்படப் போகிறவர்களைப் பற்றி எச்சரித்தார். முதல் கேள்விக்குக் கென்னடியின் தீர்ப்பில் பதில் இருக்கிறது: இன்று நோயில்லாத சிறைவாசிகள் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்ல, அந்த அமைப்புக்கு அடுத்துப் பலியாகக்கூடியவர்கள் அவர்களே. என் கட்சியும் அதுதான். 50 பேர் கூண்டில் நிற்கும்போது நோயாளிக்கு மட்டும் இடம் விரிந்து கொடுக்காது. யாரை விடுவது என்பதை நீதிமன்றம் சொல்லவும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்லி, வழியை மாநிலத்திடம் விட்டது.

2011 அக்டோபரிலிருந்து சிறு குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களை மாநிலச் சிறைக்கு அனுப்பாமல் மாவட்டச் சிறைகளிலேயே வைக்கும் சட்டம் வந்தது. 2014 நவம்பரில் வாக்காளர்களே பல சிறு திருட்டு, போதைப்பொருள் குற்றங்களின் தண்டனையைக் குறைத்து வாக்களித்தார்கள். 2015 தொடக்கத்தில் எண்ணிக்கை 137.5 சதவீதத்துக்குக் கீழே வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஃபோல்சம் சிறையின் மருத்துவம் மாநிலத்திடம் திரும்பியது. அப்படித் திரும்பிய முதல் சிறை அது. காகிதக் கட்டுகள் போய் மின்னணு மருத்துவப் பதிவும் வந்தது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் மாநிலச் சிறையில் குறைந்த சுமையில் ஒரு பங்கு மாவட்டச் சிறைகளுக்கு இறங்கியது. ஃபிரெஸ்னோ, ரிவர்சைடு மாவட்டச் சிறைகளின் மருத்துவத்தை எதிர்த்து, பிளாட்டா வழக்கை நடத்திய அதே சட்ட அலுவலகம் மறுபடி நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

ரிசீவர் இருந்தும்

பெண்கள் சிறைகளில் நடந்ததை இந்த வழக்கைப் பாராட்டி எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 2013-இல் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். 2014-இல் மாநிலத் தணிக்கையாளர் கணக்கெடுத்தார். 2005-06 முதல் 2012-13 வரை 144 சிறைவாசிப் பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். அவர்களில் 39 பேரிடம் சம்மதம் வாங்கிய விதம் சட்டப்படி இல்லை. முன்அனுமதி வாங்கும் விதியும் மதிக்கப்படவில்லை. இதில் பெரும்பகுதி, மருத்துவம் நீதிமன்றத்தின் ரிசீவர் கையில் இருந்தபோதே நடந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் வெள்ளைக் கோட்டு போட்டவர் கையெழுத்து கேட்டால், மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு இடமிருக்கும்? சிகிச்சை மறுப்பதை மட்டுமே பார்த்துப் பழகிய கண்காணிப்பு, சிகிச்சையைத் திணிப்பதைக் கவனிக்கவில்லை. 2014-இல் கருத்தடைக்காக இப்படிச் செய்வதைத் தடைசெய்து சட்டம் வந்தது. 2021-இல் நஷ்டஈட்டுத் திட்டமும் வந்தது. உடம்பிலிருந்து போனது திரும்பவில்லை.

பிறகு கொரோனா. 2020 மே மாதம் சீனோ நகரிலுள்ள ஆண்கள் சிறையில் தொற்று பரவி உயிர்ப்பலியும் ஆகியிருந்தது. வயதானவர்களையும் நோயாளிகளையும் அங்கிருந்து காப்பாற்ற வேண்டும் என்று, சிறைத் துறையும் ரிசீவரின் மருத்துவ நிர்வாகமும் சேர்ந்து 189 பேரை மாற்ற முடிவெடுத்தன. 122 பேர் சான் குவென்டினுக்கு, 67 பேர் கொர்க்கரனுக்கு. சான் குவென்டின் சிறைவாசிகளில் அதுவரை ஒருவருக்கும் தொற்று இல்லை. போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசோதனை செய்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மறுபடி சோதிக்க வேண்டாமா என்ற பேச்சு கிளம்பியபோது, வேண்டாம் என்று மருத்துவ மேலதிகாரி ஒருவர் எழுத்துமூலம் உத்தரவிட்டார். பலருக்குப் பேருந்து ஏறுவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே காய்ச்சல் பார்த்துவிட்டார்கள். இறங்கியவுடனேயே இருவருக்கு அறிகுறி தெரிந்தது. ஆனாலும் வந்தவர்களைக் கெட்டிக் கதவில்லாத, கம்பி மட்டுமே உள்ள செல்களில் வைத்தார்கள். ஒருவர் இருமினால் அடுக்கடுக்காக மேலும் கீழும் காற்று போகும் கட்டடம் அது.

ஆகஸ்ட் முடிவதற்குள் சான் குவென்டினில் 2,237 சிறைவாசிகளுக்கும் 277 ஊழியர்களுக்கும் தொற்று. 28 சிறைவாசிகளும் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். மாநிலத்தின் சிறைக் கண்காணிப்பு அலுவலகம் 2021 பிப்ரவரி அறிக்கையில் இதைப் பொதுச் சுகாதாரப் பேரழிவு என்றே எழுதியது. இந்த முறை கூட்டம் குறைந்திருந்தது, பணம் இருந்தது, மருத்துவ நிர்வாகத்துக்கு நீதிமன்றத்தின் அதிகாரமும் இருந்தது. ஒரு மறுபரிசோதனைக்காகப் பேருந்தை இரண்டு நாள் நிறுத்தி வைக்க மட்டும் யாரும் துணியவில்லை. பயணத் தேதி உறுதியாகிவிட்டது என்பதே சோதனைக் குச்சியைவிடப் பெரிதாகிவிட்டது. அங்கே தேவைப்பட்டது, இந்த நோயாளி இன்று பயணம் போகக் கூடாது என்று செவிலியர் எழுதினால் அதைச் சிறைக் கண்காணிப்பாளரோ மருத்துவ மேலதிகாரியோ காரணம் எழுதாமல் மீற முடியாதபடி ஒரு விதி. 2001 முதல் அத்தனை உத்தரவுகள் குவிந்தும் அப்படி ஒன்று நடைமுறையில் இறங்கியிருக்கவில்லை.

கோல்மன் வழக்கு இன்னும் முடியவில்லை. 2024 ஜூனில் நீதிபதி கிம்பர்லி முல்லர், மனநலப் பணியிடங்களை நிரப்பாததற்காக மாநில அதிகாரிகளை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகளாக்கி 11 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தார். 1990-இல் தொடங்கிய அந்த வழக்கு கேட்டவற்றில் ஒன்று, போதுமான எண்ணிக்கையில் மனநல மருத்துவர்கள்.